அசூசா தெருவின் ஞாபகக் கற்கள்



வேதபகுதி: யோசுவா 4:1-9, அப்போஸ்தலர் 2:1-18, எபேசியர் 2:14-16

சென்ற மாதம் உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நம் வாலிபத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். "பாஸ்டர், பெந்தெகொஸ்தேன்னா அமெரிக்கா வெள்ளைக்காரங்க ஆரம்பிச்சதுதானேன்னு காலேஜ்ல ஒரு பையன் கிண்டல் பண்றான். நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். "தம்பி, லாஸ் ஏஞ்சல்ஸ்ல அக்கினி விழுந்தப்போ அந்தக் கூட்டத்தை நடத்தினவர் ஒரு கறுப்பு மனுஷன். அடிமையா இருந்தவங்க பெத்த பிள்ளை. ஒரு கண்ணுல பார்வை கிடையாது. போய் அதைச் சொல்லு" என்றேன். சுற்றி இருந்த பெரியவர்கள் கையில் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்கள். முப்பது வருஷமாய் அபிஷேகத்தில் நிலைத்திருக்கிற ஒரு தாயார், "ஐயா, இதை விவரமா எழுதுங்க, எங்க பேரப்பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணும்" என்றார்கள். அந்தத் தாயாருக்காகவும் அந்தத் தம்பிக்காகவும் இந்த மாதச் செய்தியை எழுதுகிறேன்.

கல்லை ஏன் சுமக்கச் சொன்னார்?

இஸ்ரவேல் ஜனங்கள் யோர்தானைக் கடந்தாயிற்று. அப்புறம் வேகமாய் நடந்து எரிகோவுக்குப் போகவேண்டியதுதானே? கர்த்தர் நிறுத்தினார். கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேரை ஆற்றின் நடுவுக்குத் திரும்ப அனுப்பினார். ஆசாரியர்களுடைய கால் நின்ற இடத்திலிருந்து ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்துவரச் சொன்னார். ஏன் தெரியுமா? நாளைக்குப் பிள்ளைகள் அந்தக் கல்லைப் பார்த்து, "அப்பா, இது என்ன?" என்று கேட்பார்கள். அப்போது தகப்பனுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கல் இல்லாவிட்டால் கேள்வி வராது. கேள்வி வராவிட்டால் சாட்சி அந்தத் தலைமுறையோடு அடங்கிப்போகும்.

அமெரிக்காவிலே ஒவ்வொரு பிப்ரவரி மாதமும் கறுப்பின வரலாற்று மாதமாக அனுசரிக்கப்படுகிறது. அதை ஆரம்பித்தவர் கார்ட்டர் உட்சன். அவருடைய தகப்பனும் தாயும் அடிமைகளாய் இருந்தவர்கள். அவர் வாலிபத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். பிந்திய வயதில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். 1912-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இவ்வளவு படித்தும் பாடப் புத்தகங்களில் தன் ஜனங்களுடைய கதையைத் தேடவேண்டியிருந்தது. 1926 பிப்ரவரியில் ஒரு வாரத்தை அதற்கென்று ஒதுக்கினார். அது 1976-ல் முழு மாதமாயிற்று.

ஆனால் தேவபிள்ளைகளே, அந்த மாதத்தில் மேடை போட்டு நடத்தும் விழாக்களைப் பற்றி நான் எழுத வரவில்லை. அந்த ஜனங்களுடைய ஞாபகக் கற்கள் வீட்டிலும் பந்தியிலும் பாட்டிலும் அடக்க ஆராதனையிலும் இருக்கின்றன. அவற்றில் சில கற்கள் நம் சபைக்குள்ளும் இருக்கின்றன. நாம்தான் அவை எங்கிருந்து வந்தன என்று கேட்காமல் தினமும் கடந்து போகிறோம்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்த மாணவர்

வில்லியம் ஜோசப் சீமோர் 1870 மே 2-ம் தேதி லூசியானா மாநிலத்தில் சென்டர்வில் என்ற ஊரில் பிறந்தார். அடிமைத்தனம் சட்டப்படி முடிந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பருக்கு ரயிலில் தனிப் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம். வெறிகொண்ட கும்பல் கறுப்பு மனுஷரை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற நாட்கள் அவை. சீமோர் வடக்கே போய் இண்டியானாபொலிஸ் பட்டணத்தில் ஓட்டல் சர்வராக வேலை செய்தார். பெரியம்மை வந்து ஒரு கண் பார்வை போயிற்று. தப்பி எழும்பியவர் தன்னைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்.

பின்பு டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்கு வந்தார். அங்கே லூசி ஃபாரோ என்ற ஊழியக்காரத் தாயார், அவர்களும் அடிமைத்தனத்தில் பிறந்தவர்கள், சார்லஸ் பார்ஹாம் என்பவர் நடத்திய வேதபாடசாலையைப் பற்றி அவருக்குச் சொன்னார்கள். பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைப் பற்றி அங்கே போதித்தார்கள். சீமோர் சேர விரும்பினார். ஆனால் வெள்ளையரோடு ஒரே வகுப்பில் கறுப்பர் உட்கார அனுமதி கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? கதவைத் திறந்து வைத்து, வெளியே நடையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. பரிசுத்த ஆவியானவரைப் பற்றிப் பாடம் நடக்கிறது. பசியுள்ள மனுஷன் வாசலுக்கு வெளியே! நாமாயிருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்போம். சீமோர் உட்கார்ந்து கேட்டார். அவமானத்தைவிட அவருடைய தாகம் பெரிதாயிருந்தது. அதற்காக அந்த அவமானம் சரியென்று ஆகிவிடாது. கதவை அப்படி வைத்தவர்கள் தேவனுக்கு முன்பாகக் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள்.

1906 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்சிலிருந்த ஒரு சிறிய பரிசுத்தமார்க்க சபை அவரை அழைத்தது. அப்போஸ்தலர் 2:4-ஐ எடுத்துப் பிரசங்கித்தார். அவரே இன்னும் அந்த அனுபவத்தைப் பெறவில்லை! சபைத் தலைவர்களுக்கு அந்த உபதேசம் பிடிக்கவில்லை. திரும்ப ஆராதனைக்கு வந்தபோது கதவிலே பூட்டு தொங்கியது. ஹூஸ்டனில் பாதிக் கதவு, லாஸ் ஏஞ்சல்சில் பூட்டின கதவு. ஆனாலும் ஒருவரும் பூட்டக்கூடாத கதவைத் திறக்கிறவர் ஒருவர் உண்டு. அல்லேலூயா!

குதிரை லாயத்தில் விழுந்த அக்கினி

துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த எட்வர்டு லீ என்ற கறுப்பு விசுவாசி அவரைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். ஜெபக்கூட்டம் ஆரம்பமானது. கூட்டம் பெருகவே, பானி பிரே தெரு 214-ம் எண்ணில் ஆஸ்பெரி குடும்பத்தாரின் வீட்டுக்கு மாற்றினார்கள். துணி வெளுக்கும் பெண்கள், வீட்டு வேலைக்காரர்கள், கூலிக்காரர்கள் அங்கே முழங்கால்படியிட்டார்கள். 1906 ஏப்ரல் 9-ம் தேதி கர்த்தர் பதில் கொடுத்தார். எட்வர்டு லீ அந்நிய பாஷை பேசினார். அன்று இரவே ஜென்னி ஈவான்ஸ் மூரும் வேறு சிலரும் அபிஷேகம் பெற்றார்கள். சில நாட்களுக்குள் சீமோரும் நிரப்பப்பட்டார். ஜனக்கூட்டத்தின் பாரம் தாங்காமல் அந்த வீட்டின் முன் திண்ணையே சரிந்தது.

பிறகு அசூசா தெரு 312-ல் ஒரு பழைய கட்டடத்தை மாதம் 8 டாலர் வாடகைக்குப் பிடித்தார்கள். அது முன்பு கறுப்பின மெதடிஸ்டு சபையின் ஆலயமாயிருந்தது. அவர்கள் வேறு இடத்துக்குப் போனபின் கீழ்த்தளம் குதிரை லாயமாகவும் சாமான் கிடங்காகவும் பயன்பட்டது. தரையைச் சுத்தம் செய்தார்கள். காலியான ஆணிப் பீப்பாய்களின்மேல் பலகை போட்டு உட்கார இடம் செய்தார்கள். இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள், அதுதான் பிரசங்க பீடம். சீமோர் அநேக நேரம் அந்தப் பெட்டிக்குள் தலையை வைத்து ஜெபித்துக்கொண்டேயிருப்பாராம்.

ஏப்ரல் 18-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை இவர்களைப் பரியாசம் பண்ணிச் செய்தி போட்டது. அதே நாள் விடியற்காலையில் சான் பிரான்சிஸ்கோ பட்டணத்தைப் பூமியதிர்ச்சி அசைத்தது. ஜனங்கள் திரள ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று ஆராதனை, வாரத்தில் ஏழு நாளும், ஏறக்குறைய மூன்று வருஷம். கறுப்பர், வெள்ளையர், மெக்சிக்கர், ஆசிய நாட்டார், பணக்காரர், பிச்சைக்காரர் எல்லாரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் பத்திரிகை ஒன்றையும் தொடங்கி இலவசமாய் அனுப்பினார்கள். உங்கள் கையில் இருக்கிற இந்தச் சிறிய பத்திரிகைக்கும் அது ஒரு மூத்த அக்காள்தான்.

வட கரோலினாவிலிருந்து ஜி. பி. காஷ்வெல் என்ற வெள்ளைப் பிரசங்கியார் நாட்கணக்கில் ரயிலில் பயணம் செய்து வந்தார். வந்து பார்த்தால், கறுப்பு மனுஷர் தன் தலையில் கைவைத்து ஜெபிக்க வருகிறார்கள்! அவரால் தாங்கமுடியவில்லை. எழுந்து போய்விட்டார். ஆனால் அறைக்குள் ஆவியானவர் அவரை விடவில்லை. அவருக்குள் ஏதோ ஒன்று சாகவேண்டியிருந்தது. திரும்பி வந்து, அதே கறுப்புக் கைகளைத் தன் தலையில் வைக்கும்படி கேட்டார். அபிஷேகம் பெற்றார். ஊர் திரும்பி 1906 டிசம்பர் 31 அன்று டன் என்ற பட்டணத்தில் கூட்டம் ஆரம்பித்தார். தென் மாநிலங்களில் அக்கினி பரவியது.

கவனிங்க, தேவன் அவருக்கு அந்தரத்திலிருந்து அபிஷேகம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எந்தக் கையை அருவருத்தாரோ அந்தக் கை வழியாய்த்தான் கொடுத்தார்.

நம் தேசத்திற்கு வந்த கைகள்

ஆவியானவர் அசூசாவுக்கு முன்னாலும் கிரியை செய்தவர். நம் திருநெல்வேலிச் சீமையில் 1860-ல் அருளப்பன் ஐயா நாட்களில் எழுப்புதல் உண்டாயிற்று. 1905-ல் பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி இல்லத்தில் பெண்பிள்ளைகள்மேல் ஆவியானவர் இறங்கினார். அதை நாம் மறக்கக்கூடாது. ஆனாலும் அசூசா தெருவில் அபிஷேகம் பெற்ற கார் தம்பதியர் 1907-ல் கல்கத்தாவில் கூட்டங்கள் நடத்தினார்கள். அந்தப் பலகை ஆலயத்தின் அனல் நம் மண்ணைத் தொட்டது.

அதற்கும் முன்னே ஒரு கறுப்பினத் தாயார் இந்தியாவுக்கு வந்திருக்கிறார்கள் தெரியுமா? ஆமண்டா ஸ்மித். 1837-ல் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாய்ப் பிறந்தவர்கள். ஊரார் துணியை வெளுத்து இஸ்திரி போட்டுப் பிழைத்தவர்கள். கர்த்தர் அவர்களைச் சுவிசேஷகியாக்கினார். 1879 முதல் 1881 வரை இந்தியாவில் ஊழியம் செய்து, பின்பு ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். துணி வெளுக்கிற ஒரு அம்மாவைக் கர்த்தர் கடல் தாண்டி நம்மிடத்திற்கு அனுப்பினார். அவருக்கே மகிமை!

தினமும் மிதிக்கிற கற்கள்

இப்போது அந்த ஜனங்களின் அன்றாட வாழ்க்கையிலிருக்கிற நான்கு கற்களைக் காட்டுகிறேன்.

முதலாவது கல்: டிசம்பர் 31 ராத்திரி. நாம் வருஷக் கடைசி ஆராதனைக்கு வெள்ளை உடுத்திப் போய் முழங்காலில் நின்று புதுவருஷத்துக்குள் பிரவேசிக்கிறோம். மொரேவியரும் மெதடிஸ்டுகளும் முன்பே இப்படிப்பட்ட விழிப்பு ஆராதனையை நடத்தினதுண்டு. ஆனால் 1862 டிசம்பர் 31 ராத்திரி அமெரிக்கக் கறுப்பின ஜனங்கள் வேறொரு காரணத்திற்காக விழித்திருந்தார்கள். விடிந்தால், ஜனாதிபதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வரவேண்டும். கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ என்று ஆலயங்களில் கண்ணீரோடு காத்திருந்தார்கள். 1863 ஜனவரி 1 அன்று செய்தி வந்தது. இன்றைக்கும் அவர்கள் சபைகளில் அந்த ராத்திரி விடுதலையின் ராத்திரி. பாட்டி பேரனுக்கு மடியில் வைத்துச் சொல்லுகிறாள். நம் பிள்ளைகள் அந்த ராத்திரி கேக்குக்காகக் காத்திருக்கிறார்கள். அடிமைத்தனத்தின் கடைசி மணிநேரத்தை எண்ணிக்கொண்டிருந்தவர்களைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லலாமே!

இரண்டாவது கல்: பாட்டும் கைத்தட்டலும். எஜமான்கள் பலர் அடிமைகள் தனியே கூடி ஜெபிப்பதைத் தடுத்தார்கள். தென் மாநிலங்கள் பலவற்றில் அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே குற்றம். 1807-ல் லண்டனில், மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று ஒரு வேதப்புத்தகம் அச்சிட்டார்கள். அதில் இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட பகுதியை எடுத்துவிட்டார்கள்! ஆனாலும் அமெரிக்க அடிமைகள் ராத்திரியில் காட்டுக்குள்ளே போய்க் கூடினார்கள். சத்தம் வெளியே போகாதபடி ஈரப் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள், பானையைக் கவிழ்த்து வைத்தார்கள். எந்தப் பகுதியை மறைக்கப் பார்த்தார்களோ, அந்த மோசேயைப் பற்றியே பாடினார்கள். மேளத்தைத் தடை செய்த இடத்தில் கையும் காலுமே மேளமாயிற்று.

அந்தக் கைத்தட்டல்தான் பின்நாளில் சபைக்குள் வந்தது. அரிசோனா டிரேன்ஸ் என்ற கண்பார்வையற்ற சகோதரி 1926-ல் பியானோ வாசித்து இசைத்தட்டில் பாடினார்கள். ரொசெட்டா தார்ப், சுவிசேஷகியான தாயோடு சிறுவயதிலேயே கித்தார் எடுத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனவர்கள். சிக்காகோவில் தாமஸ் டார்சி என்ற இசை ஊழியர் 1932 ஆகஸ்டில் ஒரு எழுப்புதல் கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். தந்தி வந்தது, பிரசவத்தில் மனைவி இறந்துபோனாள் என்று. வீட்டுக்கு ஓடிவந்தார். குழந்தையும் மரித்தது. அந்தத் துக்கத்தில் பியானோ முன் உட்கார்ந்தபோது பிறந்ததுதான், ஆண்டவரே என் கையைப் பிடித்து நடத்தும் என்று கெஞ்சுகிற அந்தப் புகழ்பெற்ற பாடல். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது மகேலியா ஜாக்சன் அவருடைய அடக்க ஆராதனையில் அதையே பாடினார்கள். கீபோர்டு வாசிக்கிற நம் வாலிபர்களே, பாட்டு எந்தக் கண்ணீரிலிருந்து வந்தது என்று அறிந்து வாசியுங்கள்.

மூன்றாவது கல்: மரணத்தை அவர்கள் பார்க்கிற விதம். கறுப்பினச் சபைகளில் அடக்க ஆராதனையை வீடு திரும்பும் ஆராதனை என்று சொல்லுகிறார்கள். அழுகை உண்டு, ஆனால் பாட்டும் சாட்சியும் அதைவிட அதிகம். வாழ்நாளெல்லாம் சொந்த வீடு மறுக்கப்பட்ட ஜனம், கடைசியில் வீட்டுக்குப் போகிறோம் என்று பாடுகிறது. நாமும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று போஸ்டர் அடிக்கிறோம். ஆனால் அடக்கத்தில் யார் மாலை பெரிசு, யாரைக் கூப்பிடவில்லை என்று சண்டை போடுகிறோமே!

நான்காவது கல்: பந்தி. விடுதலைப் பிரகடனம் 1863-ல் வந்தது என்றேன் அல்லவா? டெக்சாஸ் மாநிலத்து அடிமைகளுக்கு அது அமலாகவில்லை. 1865 ஜூன் 19 அன்று படைத்தலைவர் கிரேஞ்சர் கால்வெஸ்டன் பட்டணத்துக்கு வந்து அறிவித்தபோதுதான் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். இரண்டரை வருஷம்! விடுதலை எழுதப்பட்டாயிற்று, ஆனால் அடிமை இன்னும் பருத்திக் காட்டில் குனிந்து நிற்கிறான். சுவிசேஷம் கேட்காத ஜனங்களின் நிலையும் அதுதானே? அந்த நாளை அவர்கள் ஜூன்டீன்த் என்று கொண்டாடுகிறார்கள். சபையில் ஜெபம், பிறகு குடும்பமாய்ச் சாப்பாடு, சிவப்பு நிறப் பானம், தாத்தா பாட்டி கதைகள். பொது இடத்தில் கூட அனுமதியில்லாத நாட்களில், ஹூஸ்டனில் ஜாக் யேட்ஸ் என்ற பாஸ்டரும் விசுவாசிகளும் பணம் சேர்த்து 1872-ல் 10 ஏக்கர் நிலமே வாங்கினார்கள், இந்தப் பந்திக்காக. 2021-ல் அமெரிக்க அரசு அந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கியது. அரசாங்கம் அங்கீகரிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. நூற்றைம்பது வருஷத்திற்கும் மேலாய் வீட்டுப் பந்தியிலேயே அந்த நாளைக் காப்பாற்றினார்கள்.

சுவர் மறுபடியும் எழும்பியது

தேவபிள்ளைகளே, அசூசாவின் கதையைச் சந்தோஷமாய் முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். 1906 அக்டோபரில் பழைய ஆசிரியர் பார்ஹாம் அங்கே வந்தார். கறுப்பரும் வெள்ளையரும் கலந்து முழங்கால்படியிட்டிருப்பதைக் கண்டு அருவருத்துப் பேசினார். சபை அவரை ஏற்கவில்லை. அவர் அருகிலேயே போட்டிக் கூட்டம் நடத்தினார். வருஷங்கள் போகப் போக வெள்ளையர் பலர் தனித்தனிச் சபைகளாய்ப் பிரிந்தார்கள். அசூசாவுக்கு 1907-ல் வந்து அபிஷேகம் பெற்ற கறுப்பின ஊழியர் சார்லஸ் மேசன், வெள்ளை ஊழியர்களுக்கும் அபிஷேகம்பண்ணி ஊழியச் சான்று கொடுத்தவர். 1914-ல் அவர்களும் தனி அமைப்பாய்ப் போனார்கள். 1922 செப்டம்பர் 28 அன்று சீமோர் மாரடைப்பால் மரித்தபோது ஒரு சிறிய கறுப்புச் சபையின் பாஸ்டராய்த்தான் இருந்தார். அவருடைய மனைவி ஜென்னி அம்மா தொடர்ந்து நடத்தினார்கள். 1931-ல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

1948-ல் வட அமெரிக்கப் பெந்தெகொஸ்தே சபைகள் ஐக்கியம் ஏற்படுத்தினபோது ஒரு கறுப்புச் சபையைக்கூடச் சேர்க்கவில்லை. யார் கொளுத்தின அடுப்பில் குளிர்காய்ந்தார்களோ, அவர்களுக்கே இடமில்லை! நாற்பத்தாறு வருஷம் கழித்து, 1994 அக்டோபரில் மெம்பிஸ் பட்டணத்தில் கூடி, அந்த ஐக்கியத்தைக் கலைத்துவிட்டு, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த புதிய ஐக்கியம் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளைப் பாஸ்டர் தண்ணீர்ப் பாத்திரம் எடுத்துவந்து, ஒரு கறுப்பின பிஷப்பின் கால்களைக் கழுவி, அழுது மன்னிப்புக் கேட்டார்.

அபிஷேகம் விழுந்த இடத்தில்கூட சுவர் திரும்ப எழும்பும் என்பதற்கு இது சாட்சி. அந்நிய பாஷை பேசின வாயே, "நீ தள்ளி உட்கார்" என்றும் பேச முடிந்தது. இதை வாசிக்கும்போது எனக்கு நடுக்கமாயிருக்கிறது. ஏனென்றால் நான் நம்மைப் பற்றி யோசிக்கிறேன்.

நம்முடைய யோர்தான் எது?

1959-ல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, அங்கே படித்த ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவரை அறிமுகம் செய்த தலைமையாசிரியர், இவரும் அமெரிக்காவிலே தீண்டப்படாதவராய் எண்ணப்படுகிறவர்தான் என்ற பொருளில் சொன்னாராம். முதலில் கிங்குக்கு அதிர்ச்சியாயிருந்தது. பிறகு யோசித்து, ஆம், நானும் என் ஜனமும் அப்படித்தான் நடத்தப்படுகிறோம் என்று ஒத்துக்கொண்டார். 1965-ல் ஒரு பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார். அங்கே நிறம், இங்கே சாதி. சுவர் கட்டுகிற கொத்தன் ஒருவன்தான்.

"பாஸ்டர், நம்ம சபையில சாதி இல்லையே" என்பீர்கள். பாயில் சேர்ந்து உட்காருகிறோம். ஒரே அப்பத்தைப் பிட்கிறோம். சரி, கல்யாணப் பேச்சு வரும்போது? நம் வட்டாரத்தில் இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் அபிஷேகம் பெற்றவர்கள், ஒரே வாலிபர் கூடுகையில் வளர்ந்தவர்கள். பெற்றோர் சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்று ஜெபித்துக் காத்திருந்தார்கள். நானும் இன்னொரு மூப்பரும் போய்ப் பேசினோம். பையனின் தகப்பனார் நல்ல ஜெபவீரர். அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது: "பரலோகத்துல ஒண்ணாத்தான் இருப்போம் பாஸ்டர். ஆனா நான் ஊர்ல தலை காட்டணுமே." கல்யாணம் நின்றுபோயிற்று. அந்தப் பெண்பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனைக்கு வந்தாள். கடைசி வரிசையில், கதவோரமாய் உட்கார்ந்தாள். எனக்கு ஹூஸ்டன் பாடசாலையின் நடையில் உட்கார்ந்திருந்த சீமோரே ஞாபகத்துக்கு வந்தார்.

பிரியமானவர்களே, கிறிஸ்து சிலுவையில் நடுச்சுவரைத் தகர்த்தார் என்று எபேசியர் இரண்டாம் அதிகாரம் சொல்லுகிறது. ஊருக்குப் பயந்து நாம் அதே செங்கலைப் பொறுக்கி மறுபடியும் அடுக்கினால், சிலுவைக்கு நாம் சொல்லும் மரியாதை என்ன? நம் முன்னோர்களில் எத்தனை பேர் கோயில் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் தடுக்கப்பட்டவர்கள்! சுவிசேஷம் வந்து நிமிர்ந்து நின்றோம். நிமிர்ந்தபின் இன்னொருவனைக் குனியவைக்கலாமா?

இந்த வருஷம் நாம் எடுக்கவேண்டிய கற்கள்

சபையாராய் நாம் நான்கு காரியம் செய்வோம்.

ஒன்று: உங்கள் குடும்பத்தில் முதன்முதல் இயேசுவை ஏற்றுக்கொண்டவர் யார், அவருக்குச் சுவிசேஷம் சொன்னவர் யார் என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பாட்டிமார் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களானால் பேரப்பிள்ளைகள் எழுதிக்கொடுங்கள்.

இரண்டு: இந்த வருஷக் கடைசி ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்பாக, 1862-ன் ராத்திரியைப் பற்றி ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சபைக்குச் சொல்லட்டும். இதைச் சொன்னால் போதும், நம் பிள்ளைகள் எந்த நிறத்து மனுஷனையும் கேலி பண்ணமாட்டார்கள். வீட்டில் கறுப்பாய்ப் பிறந்த பெண்பிள்ளையைப் பார்த்து, "இதுக்கு யார் மாப்பிள்ளை கொடுப்பா?" என்று பேசுகிற பேச்சும் அன்றோடு ஒழியட்டும்.

மூன்று: மாதத்தில் ஒரு தரம், நீங்கள் இதுவரை கை நனைக்காத ஒரு விசுவாசியின் வீட்டில் சாப்பிடுங்கள். அவர்களையும் உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, உங்கள் தட்டில் பரிமாறுங்கள். காப்பிக்குத் தனி டம்ளர் எடுக்கிற கை ஆராதனையில் உயராதிருப்பதே நலம்.

நான்கு: பிள்ளைகளுக்கு வரன் பார்க்கையில் முதற்கேள்வி இரட்சிப்பைப் பற்றியதாயிருக்கட்டும். "அவங்க என்ன ஆளுங்க?" என்று ஒருவர் கேட்டால், "இரத்தத்தினாலே மீட்கப்பட்ட ஆளுங்க" என்று பதில் சொல்லுங்கள். ஊரில் தலை குனிய நேர்ந்தால் நானும் உங்களோடு வந்து நிற்கிறேன்.

எழுப்புதல் வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராத்திரி முழுவதும் கூப்பிடுகிறோம். கர்த்தர் தருவார், சந்தேகமில்லை. ஆனால் யார் கை வழியாய்த் தருவாரோ தெரியாது. காஷ்வெல்லைப் போல முதலில் எழுந்து போய்விட்டாலும் பரவாயில்லை, திரும்பி வாருங்கள். அந்தக் கைக்குக் கீழே உங்கள் தலையைத் தாழ்த்துங்கள்.

ஜெபம்

அன்புள்ள பரலோகப் பிதாவே, நடையிலே உட்கார்ந்த உமது தாசனை அக்கினியின் பாத்திரமாய் எடுத்து உபயோகித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். காட்டுக்குள்ளே ஈரப் போர்வைக்குப் பின்னால் அழுத ஜனத்தின் ஜெபத்தைக் கேட்டவரே, எங்கள் ஜெபத்தையும் கேளும். எங்கள் சபையில் கதவோரமாய் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் கண்ணீரையும் காண்கிறவரே, எங்களுக்கும் காணச் செய்யும். நாங்கள் கட்டின சுவரை எங்கள் கையாலேயே இடித்துப்போட பெலன் தாரும். ஒரே ஆவியினாலே எங்களை ஒரே சரீரமாக்கும். மறுபடியும் அக்கினியை அனுப்பும், யார்மேல் அனுப்ப உமக்குச் சித்தமோ அவர்மேல் அனுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென். அல்லேலூயா!